இரண்டு மூன்று கிரெடிட் கார்டு வைத்து ரிவார்டு சேர்ப்பது எப்படி? புதியவர்களுக்குப் படிப்படியாக

சம்பளக் கணக்கு இருக்கும் யாருக்கும் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று வாரம் ஒரு அழைப்பாவது வந்துவிடுகிறது. லைஃப்டைம் ஃப்ரீ, 5 சதவீத கேஷ்பேக், விமான நிலைய லவுஞ்ச் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இவற்றில் நல்ல கார்டுகளும் இருக்கின்றன. இரண்டு மூன்று கார்டைச் சரியாகப் பிரித்துப் பயன்படுத்தினால், எப்படியும் செய்யப்போகிற வீட்டுச் செலவிலிருந்தே ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் திரும்பி வரும்.

தொடங்கும் முன் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் திட்டமிடுகிறவருக்கே மொத்தச் செலவில் ஒன்றரை, இரண்டு சதவீதம் அளவுக்குத்தான் ரிவார்டு கிடைக்கும். பாக்கி வைத்தால் நம் நாட்டு கார்டுகளில் வட்டி பெரும்பாலும் மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம் வரை. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதனால் இந்த வழிமுறையில் பணம் கட்டும் ஏற்பாடுதான் முதலில் வருகிறது. கார்டு தேர்வு அதற்குப் பிறகு.

இப்போதே ஏதாவது ஒரு கார்டில் மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் சிறு தொகையை மட்டும் கட்டி வருகிறீர்கள் என்றால் இரண்டாவது கார்டு வேண்டாம். அந்தப் பாக்கியை அடைத்துவிட்டு வாருங்கள், சலுகைகள் எங்கும் போய்விடாது.

படி 1: கையில் இருக்கும் கார்டின் தேதிகளைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு தேதி உண்டு. பில் போடும் நாள் ஸ்டேட்மென்ட் தேதி. பணம் கட்டக் கடைசி நாள் டியூ தேதி. இரண்டுக்கும் இடையே பொதுவாக 18 முதல் 20 நாள் இருக்கும்.

ஸ்டேட்மென்ட் மாதம் 12ஆம் தேதி வருகிறது, கட்ட 20 நாள் அவகாசம் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 11 அன்று வாங்கிய பொருள் மறுநாள் பில்லிலேயே வந்துவிடும். ஜூலை 2க்குள் கட்ட வேண்டும், அதாவது 21 நாள். அதே பொருளை ஜூன் 13 அன்று வாங்கியிருந்தால் ஜூலை 12 பில்லில்தான் வரும். ஆகஸ்ட் 1 வரை, 49 நாள் வட்டியில்லாமல் கிடைக்கும். "50 நாள் வரை வட்டியில்லை" என்று விளம்பரத்தில் சொல்வது இந்த இரண்டாவது நிலையை வைத்துத்தான்.

இந்த அவகாசம் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டுமே. கொஞ்சம் பாக்கி வைத்தாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். அடுத்து வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வட்டி கட்டாயம் வரும்.

படி 2: ஆட்டோபே போடுங்கள், சரியான கட்டத்தை டிக் செய்யுங்கள்

வங்கிச் செயலியில் ஆட்டோபே (பில் பணம் தானாகக் கட்டப்படும் ஏற்பாடு) பகுதிக்குப் போனால் இரண்டு தேர்வு காட்டும்: 'டோட்டல் அமவுன்ட் டியூ', 'மினிமம் அமவுன்ட் டியூ'. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். சில செயலிகளில் இரண்டாவது ஏற்கெனவே தேர்வாகி இருக்கும், கவனிக்காமல் சரி கொடுத்துவிடாதீர்கள்.

சேமிப்புக் கணக்கு வேறு வங்கியில் இருந்தால் ஆட்டோபே நடைமுறைக்கு வரச் சில நாட்களோ ஒரு பில் காலமோ ஆகலாம். அதுவரை நீங்களே கட்டுங்கள். முதல் தடவை தானாகப் பணம் எடுக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு நம்பினால் போதும்.

டியூ தேதி தவறி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் வங்கி தாமதக் கட்டணம் போடலாம், நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தகவல் தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. சர்வர் கோளாறு போன்ற நேரத்தில் இது உதவும். அதை வழக்கமான அவகாசமாக எண்ணாதீர்கள்.

எல்லா கார்டுக்கும் டியூ தேதி சம்பளம் வந்த ஒரு வாரத்துக்குள் விழுவது மிகவும் வசதி. பில்லிங் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். செயலியிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: மூன்று மாதச் செலவை எழுதிப் பாருங்கள்

எந்த கார்டு நல்லது என்று யாரிடமும் கேட்பதற்கு முன் பணம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட், யூபிஐ வரலாறு இரண்டையும் எடுத்து, ஆன்லைன் வாங்கல், கடையில் வாங்குவது, சில்லறை ஸ்கேன், பெட்ரோல், பில்கள் என்று ஐந்து தலைப்பில் பிரியுங்கள். வாடகை, வீட்டுக் கடன் தவணை, சீட்டுப் பணம் இதில் சேராது.

ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கான மாதிரிக் கணக்கு: மாதம் ஆன்லைனில் 6,000 ரூபாய், மளிகை, மருந்து, ஹோட்டல் என்று கடைகளில் 12,000, பால், காய்கறி, டீ என யூபிஐ ஸ்கேன் 7,000, பெட்ரோல் 4,000, கரன்ட் பில், ரீசார்ஜ், இன்டர்நெட் 3,000. மொத்தம் 32,000.

ஆன்லைனுக்கு 5 சதவீதம், பில்லுக்கு 2, கடைக்கும் ஸ்கேனுக்கும் 1 சதவீதம் தரும் கார்டுகள் இருந்தால் 300, 60, 120, 70, ஆக மாதம் 550 ரூபாய். பெட்ரோலுக்கு ரிவார்டு இல்லை என்றே எடுத்துக்கொண்டேன். ஆண்டுக்கு 6,600. ஒரு கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டியோடு 590 போனால் கையில் நிற்பது 6,010 ரூபாய்.

இதே குடும்பம் ஒரே ஒரு முறை 30,000 ரூபாயை ஒரு மாதம் பாக்கி வைத்தால் 3.5 சதவீத வட்டி 1,050, ஜிஎஸ்டி 189, ஆக 1,239 ரூபாய். இரண்டு மாதம் சேர்த்த ரிவார்டு ஒரே பில்லில் கரைந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து கணக்கிடுவதால் உண்மையான தொகை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

படி 4: ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

புதியவருக்கு மூன்று கார்டு தாராளம். என் பரிந்துரை இப்படி.

முதலாவது, நீங்கள் அதிகம் வாங்கும் ஆன்லைன் தளத்துக்கான கார்டு. அமேசானில் வாங்குகிறவருக்கு அமேசான் பே ஐசிஐசிஐ, ஃபிளிப்கார்ட்டில் வாங்குகிறவருக்கு ஃபிளிப்கார்ட் ஆக்சிஸ் என்று அந்தந்தத் தளத்தோடு சேர்ந்து வரும் கார்டுகள் உண்டு. அமேசான் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது என்பதால் தொடங்குவதற்கு நல்லது. இரண்டாவது, யூபிஐயில் இணைக்க ஒரு ரூபே கிரெடிட் கார்டு. மூன்றாவது, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் கார்டு.

ரூபே கார்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைக்கும் வசதி 2022இல் வந்தது. அதன் பிறகுதான் ஸ்வைப் மெஷின் இல்லாத பழக்கடையிலும் பேக்கரியிலும் கிரெடிட் கார்டில் கட்ட முடிகிறது. கடைக்காரரின் வணிகக் கியூஆருக்கு மட்டும்தான் பணம் போகும். தனிநபர் எண்ணுக்கோ, கடையில் ஒட்டியிருந்தாலும் சொந்தக் கணக்கின் கியூஆருக்கோ போகாது, செயலி மறுத்துவிடும். அப்போது கடைக்காரரிடம் வாதாடாமல் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டிவிடுங்கள்.

யூபிஐயில் கிரெடிட் கார்டை இணைத்த பிறகு சின்னச் செலவு கூடுகிறதா என்று முதல் இரண்டு மாதம் கவனியுங்கள். ஸ்கேன் செய்யும்போது கணக்கில் இருப்பு குறைவது தெரியாது, கை தாராளமாகிவிடும். கூடுகிறது என்று தெரிந்தால் இணைப்பை எடுத்துவிடுவதே நல்லது. அந்த ஒரு சதவீதம் அதற்கு ஈடாகாது.

கார்டின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி 'ஆன்லைன்', 'ஸ்கேன்', 'கடை' என்று எழுதிவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கும் குழப்பம் இருக்காது.

மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் கிரெடிட் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும். அடுத்தடுத்துப் பதிவானால் கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்கான மதிப்பெண், அதாவது 300 முதல் 900 வரையிலான சிபில் ஸ்கோர், இறங்கும். ஆறு மாத இடைவெளி விடுங்கள். நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்ப்பதால் அது குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கிரெடிட் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மொத்த லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவை வைத்திருப்பது ஸ்கோருக்கு நல்லது என்பது பொதுவான வழக்கம்.

படி 5: பாயிண்ட்டை ரூபாயாக மாற்றிப் பாருங்கள்

"150 ரூபாய்க்கு 4 பாயிண்ட்" என்று போட்டிருக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஒரு பாயிண்ட் 20 பைசா என்றால் 150க்கு 80 பைசா, அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதையே விமான டிக்கெட்டுக்கு 50 பைசா மதிப்பில் எடுத்தால் 1.33 சதவீதம். பாயிண்ட் அதேதான், எடுக்கும் வழியைப் பொறுத்து மதிப்பு இரண்டரை மடங்கு மாறுகிறது. கேட்லாகில் மிக்ஸி, சூட்கேஸ் என்று காட்டும் பொருட்களுக்குப் பெரும்பாலும் மதிப்பு குறைவாகவே கிடைக்கும். கடையில் அந்தப் பொருளின் விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சில்லறையும் கவனிக்க வேண்டியது. 150 ரூபாய்க் கணக்கில் 149 ரூபாய் பில்லுக்கு ஒன்றும் கிடைக்காது. 290 ரூபாய்க்கும் 4 பாயிண்ட்தான். சின்னச் சின்னதாகச் செலவு செய்கிறவருக்கு நேரடி கேஷ்பேக் கார்டுதான் பொருந்தும் என்பது என் கருத்து. பாயிண்ட்டை மாற்றும்போது பல வங்கிகள் ஒரு கட்டணமும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றாமல் சேர்த்து மாற்றுங்கள், காலாவதித் தேதியைத் தாண்டவும் விடாதீர்கள்.

படி 6: எதற்கு ரிவார்டு கிடையாது என்ற பட்டியலைப் படியுங்கள்

ஒவ்வொரு கடைக்கும் எம்சிசி என்ற நான்கு இலக்க எண் உண்டு. மளிகைக் கடைக்கு 5411, பெட்ரோல் பங்க்குக்கு 5541, வாடகைக்கு 6513. வங்கி ரிவார்டு தருவதும் மறுப்பதும் இந்த எண்ணைப் பார்த்துத்தான். ஒரு கடையில் மளிகை வாங்கியும் மளிகைச் சலுகை வரவில்லை என்றால், அந்தக் கடை வேறு வகையில் பதிவாகி இருக்கக்கூடும்.

பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகள் ஒன்றும் தருவதில்லை. காப்பீடு, பள்ளிக் கட்டணம், நகை ஆகியவை கார்டுக்குக் கார்டு மாறும். 5 சதவீதச் சலுகைக்கு மாத உச்சவரம்பும் இருக்கலாம். வரம்பு 500 ரூபாய் என்றால் 10,000 வரை வாங்கியதற்குத்தான் பலன், அதற்கு மேல் பொதுக் கார்டுக்கு மாறிவிடுங்கள்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுக்கவே கூடாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, தனியாகக் கட்டணமும் உண்டு.

ஆண்டுக்கு இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்பார்கள். 590 ரூபாயை மிச்சப்படுத்தத் தேவையில்லாத 15,000 ரூபாய்ப் பொருளை வாங்காதீர்கள். அடுத்த மாதம் எப்படியும் வாங்க வேண்டியது இருந்தால் அதை முன்னால் வாங்கலாம், அவ்வளவுதான்.

படி 7: மாதம் ஒரு நாள் உட்காருங்கள்

டியூ தேதிக்கு நான்கைந்து நாள் முன்னால் மூன்று ஸ்டேட்மென்ட்டையும் திறந்து மூன்றே விஷயம் பாருங்கள். நாம் செய்யாத செலவு ஏதாவது இருக்கிறதா, வர வேண்டிய கேஷ்பேக் வந்ததா, சேமிப்புக் கணக்கில் மூன்று பில்லுக்கும் பணம் இருக்கிறதா. திருப்பியனுப்பிய பொருளுக்கான பணம் வந்ததா என்பதையும் இதோடு பார்த்துவிடலாம்.

செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தேவையில்லை என்றால் அணைத்து வையுங்கள். "உங்கள் ரிவார்டு பாயிண்ட் இன்றிரவு காலாவதியாகிறது" என்று லிங்க்கோடு வரும் செய்தி மோசடியாளர்களுக்குப் பிடித்தமான வலை. அதைத் தொடாமல் வங்கிச் செயலியைத் திறந்து பாயிண்ட்டைப் பாருங்கள். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வங்கியிடம் சொல்லி கார்டை முடக்குங்கள், உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கும் அழையுங்கள்.

படி 8: ஆண்டுக் கட்டணம் வரும் முன் கணக்குப் பாருங்கள்

வங்கிகள் சலுகைகளை அடிக்கடி குறைக்கின்றன. சென்ற ஆண்டு நன்றாக இருந்த கார்டு இந்த ஆண்டு கட்டணத்துக்கே ஈடாகாமல் போகலாம். ஆண்டுக்கு ஒரே ஒரு முறை விமானம் ஏறுகிறவர் லவுஞ்சுக்காக ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. புதுப்பிப்பு மாதத்துக்கு முந்தைய மாதமே, அந்த ஆண்டில் கார்டு தந்ததைக் கூட்டி, கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள். குறைந்தால் கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தர முடியுமா என்று முதலில் வங்கியிடம் கேளுங்கள். பழைய கார்டு தொடர்வது கடன் வரலாற்றுக்கு நல்லது.

மூடுவது என்று முடிவானால் பாயிண்ட்டை எடுத்துவிடுங்கள், அந்த கார்டில் ஓடும் மாதச் சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள், பாக்கியை முழுவதும் கட்டுங்கள், பிறகு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்புங்கள். பாக்கி இல்லாத கார்டை வங்கி ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கோரிக்கை எண்ணைக் குறித்து வைத்து, ஓரிரு மாதம் கழித்து கிரெடிட் அறிக்கையில் அந்தக் கணக்கு 'மூடப்பட்டது' என்று பதிவாகிவிட்டதா எனப் பார்த்துவிடுங்கள்.