ஆறு பேருக்கு இரண்டு அறைகள் எதற்கு?

ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா வளாகத்தில் மலிவு வகை விடுதிகளின் சாதாரண அறையில் நான்கு பேர்தான் தங்கலாம். அதனால் ஆறு பேர் கொண்ட குடும்பங்கள் உடனே இரண்டு அறைகளைப் பதிவு செய்துவிடுகின்றன. கொஞ்சம் பொறுங்கள்! முதலில் ஆல் ஸ்டார் மியூசிக் விடுதியின் குடும்ப அறைத்தொகுதியைப் பாருங்கள். ஆறு பேருக்கு இடம், மைக்ரோவேவ், சிறிய குளிர்பதனப் பெட்டி, முக்கியமாக இரண்டு குளியலறைகள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது அந்த இரண்டாவது குளியலறையின் அருமை புரியும். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என்ற விடுதியிலும் இதே வசதி உண்டு. அங்கே பூங்காக்களுக்குப் போக கேபிள் கார் வேறு இருக்கிறது, ஆனால் வாடகை பெரும்பாலும் கூடுதல். மியூசிக்கில் பஸ் மட்டுமே. தொட்டிலில் தூங்கும் 3 வயதுக்குட்பட்ட குழந்தை எண்ணிக்கையில் சேராது. பணம் கட்டுமுன், அதே தேதிகளில் இரண்டு சாதாரண அறைகளின் மொத்த வாடகையையும் ஒப்பிட்டுவிடுங்கள். சில நாட்களில் அதுவே குறைவாக இருக்கலாம்.