டிரையர் சூடாகவில்லையா? ஹீட்டரில் கை வைப்பதற்கு முன்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னையில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரவாடையோடுதான் தொங்கும். வருடம் முழுக்கத் தூசி படிந்து கிடந்த டம்பிள் டிரையரை அப்போதுதான் தேடுவோம். அது ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் துணியை ஈரமாகவே திருப்பித் தரும். ‘ஹீட்டர் போச்சு’ என்று வீட்டில் யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதைச் சொன்னது நான். புது ஹீட்டர் போட்டோம், பத்து நாள் ஓடியது, பழையபடி ஆகிவிட்டது. கடைசியில் பார்த்தால் ஈரக்காற்றை வெளியே விடும் பின்பக்கக் குழாய் சுவரோடு நசுங்கிக் கிடந்தது. ஹீட்டரோடு சேர்ந்து வந்த புது ஃபியூஸ்தான் அந்தப் பத்து நாளை ஓட்டியிருக்கிறது.

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். செமி ஆட்டோமேடிக் மெஷினில் பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டியையும் நாம் டிரையர் என்றுதான் சொல்கிறோம். அதில் ஹீட்டரே கிடையாது. வேகமாகச் சுழற்றித் தண்ணீரை வடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. மேல்பக்கம் திறக்கும் மெஷின்களின் ‘ஏர் டிரை’யும் பெரும்பாலும் அப்படித்தான். அதில் சூட்டைத் தேடி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் விசிட்டிங் சார்ஜ்தான் தண்டம். ஹீட் பம்ப் டிரையர் வேறு ரகம். குறைந்த சூட்டில் நிதானமாக உலர்த்தும், கதவைத் திறந்ததும் அனல் அடிக்காது, அது பழுதில்லை. சாதாரண டிரையரிலும் கடைசிச் சில நிமிடங்கள் ஹீட்டர் அணைந்து வெறும் காற்று ஓடும். சூடு வருகிறதா என்று பார்க்க, போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து நிறுத்திக் கையை விட்டுப் பாருங்கள்.

சரி, உண்மையிலேயே சூடு இல்லை. அப்போதும் முதலில் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். பஞ்சு வலையைக் கையால் வழித்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். வாசனைக்குப் போடும் திரவமும், துணியோடு சேர்த்துப் போடும் வாசனைத் தாளான டிரையர் ஷீட்டும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கைப் பூசிவிடும். வலையைக் கழற்றிக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் உடனே இறங்காமல் மேலேயே தேங்கினால், காற்றும் அப்படித்தான் திணறுகிறது. சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

அடுத்தது காற்று வெளியேறும் பின்பக்கக் குழாய். நம் ஃபிளாட்டுகளின் சர்வீஸ் பால்கனியில் இடம் ஏது? இடித்துப் பிடித்துத் தள்ளுவதில் குழாய் மடங்கிவிடும். புறா வருகிறதே என்று வெளிமுனையில் கொசுவலையைக் கட்டுகிறவர்களும் உண்டு. அந்தச் சின்னக் கண்ணிகளில் பஞ்சு சீக்கிரமே அடைத்துவிடும்.

காற்று போக வழியில்லாமல் ஹீட்டரைச் சுற்றிச் சூடு தேங்கினால் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கும். அதையும் மீறினால், சூடு எல்லை தாண்டும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போய்விடும். போனால் போனதுதான், தானாகத் திரும்பாது. பல மாடல்களில் அதற்குப் பிறகும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால்தான் பழி ஹீட்டர் மேல் விழுகிறது. ‘சின்ன பீஸ்தானே சார்’ என்று இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். சூடு உடனே வரும். பஞ்சு பறக்கும் பெட்டிக்குள் காவலில்லாத ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கப் போவோம்! சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஃபியூஸ் வாங்கப் போகிறவர்கள் பழையதில் அச்சடித்திருக்கும் டிகிரி, ஆம்பியர் இரண்டையும் பார்த்து அதையே கேளுங்கள். கூடுதல் டிகிரி வாங்குவதும் முறுக்கிவிடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

துவைப்பது, உலர்த்துவது இரண்டும் ஒரே மெஷினில் இருந்தால் இன்னொரு விஷயம். துவைத்து முடித்ததும் தண்ணீர்க் குழாயை மூடிவிடுவது தண்ணீர்க் கஷ்டம் பார்த்த நம் ஊரின் பழக்கம். ஆனால் இந்த மெஷின்களில் பல, துணியிலிருந்து எழும் ஆவியைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரைத்தான் பயன்படுத்துகின்றன. குழாய் மூடியிருந்தால் ஆவிக்குப் போக இடமில்லை; துணி இட்லித் தட்டில் வைத்ததுபோல வெதுவெதுவென்று ஈரமாகவே இருக்கும். மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும்போதும் இதே தொல்லைதான், காலையில் போட்டால் தேவலாம். அப்புறம், 8 கிலோ துவைக்கும் மெஷின் பெரும்பாலும் 5, 6 கிலோவைத்தான் உலர்த்தும். போர் தண்ணீர் உப்பு என்று டீஸ்கேலிங் பவுடர் போட்டும் இதற்குப் பயனில்லை. உப்புப் படிவது துவைக்கும் ஹீட்டரில். உலர்த்தும் ஹீட்டர் தனி.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். கோடை ராத்திரியில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் சுமார் 1225 வாட்தான் தரும். வோல்டேஜ் சுமார் இருபத்திரண்டு சதவீதம் குறைந்தால் சூடு ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்துவிடுகிறது. இதற்கு மெஷினைப் பிரித்து என்ன பயன்? எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதும் வேண்டாம், நேராக 16 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டுங்கள்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துக் குழம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே டிரையருக்கு 240 வோல்ட் இரண்டு லைன்களில் வருகிறது. ஒன்று போனால் டிரம் சுற்றும், சூடு வராது. அதனால் முதலில் பிரேக்கரைப் பார்க்கச் சொல்வார்கள். நம் வீட்டு மெஷினுக்கு ஒரே ஃபேஸ், அது போனால் எதுவும் ஓடாது. கேஸ் டிரையர் பற்றிச் சொல்வதும் நமக்கு ஆகாது.

இதற்கெல்லாம் பிறகும் சூடு வராவிட்டால் மல்டிமீட்டரை எடுக்கலாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கி ஆறவிடுங்கள். ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தால் 2000 வாட் ஹீட்டர் 26 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடல்காற்று வீசும் இடமென்றால் ஹீட்டர் முனையில் உள்ள கனெக்டரையும் பாருங்கள், பச்சை பூத்தோ கருகியோ இருக்கலாம். டிரையர் போட்டதும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்தால் ஹீட்டர் கம்பி பாடியில் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும். அதை மறுபடி மறுபடி தூக்கிவிட்டுப் பார்க்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.