பழைய பிக்கப்பின் பின் ஆக்ஸலை மாற்றப் போகிறீர்களா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் இருபது, முப்பது ஆண்டு பழைய டீசல் பிக்கப்கள் இன்னும் உழைக்கின்றன. உரமூட்டையும் குலையும் சுமந்து செம்மண் மேட்டில் ஏற அவற்றுக்குத் தெம்பு உண்டு. அதே வண்டியை டோல் தாண்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏற்றினால், 90 கிலோமீட்டர் வேகத்திலேயே எஞ்சின் அலறுகிறது. "அண்ணே, ஆக்ஸலை மாற்றிக் கொடுங்கள், வாராவாரம் கோலாலம்பூர் போக வேண்டியிருக்கிறது" என்று என் பட்டறைக்கு வருகிறவர்கள் அதிகம். மாற்றலாம், பலனும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான தவறுகள் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே நடந்துவிடுகின்றன.

முதல் தவறு, பல் விகிதம் தெரியாமல் வாங்குவது. சக்கரம் ஒரு முறை சுற்ற, எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதே விகிதம். டொயோட்டா ஹைலக்ஸ் வகை ஆக்ஸல்களில் வெளித்தோற்றம் ஒன்றுபோல இருக்கும்; உள்ளே கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்கு 41 பல், அதைச் சுற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்துக்கு 9 பல் என்றால் விகிதம் 4.556. பினியனுக்கு 10 பல் என்றால் 4.1. கிரௌனுக்கு 43, பினியனுக்கு 12 என்றால் 3.583. டயரின் சுற்றளவு 2.2 மீட்டர், ஐந்தாம் கியரின் விகிதம் 0.85 என்று வைத்துக்கொண்டால், 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றுவது 4.556இல் ஏறக்குறைய 3,230 முறை, 4.1இல் 2,900, 3.583இல் 2,540. காதுக்கும் டீசலுக்கும் இது பெரிய வேறுபாடு.

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், எண்ணிப் பாருங்கள். ஆக்ஸல் தரையில் கிடக்கும்போதே ஒரு பக்க டிரம்மை ஆடாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்க டிரம்மைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பினியன் முனையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தால், அது எத்தனை முறை வந்து போகிறது என்று எண்ணலாம். நான்கரைக்குச் சற்று மேல் என்றால் 4.556. நான்கைத் தாண்டி ஒரு விரற்கடை என்றால் 4.1. இது சாதாரண டிஃப்ரன்ஷியலுக்கான, அதாவது இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டிக்கான, கணக்கு. இரண்டு டிரம்மும் ஒரே திசையில் சேர்ந்தே சுற்றினால் அது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை. அதற்கு ஒரு சுற்றே போதும், எண்ணெயும் அதற்குரியதையே ஊற்ற வேண்டும்.

எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது அடுத்த தவறு. டர்போ இல்லாத பழைய டீசலில் 3.583 போட்டுவிட்டு, பின்னால் சுமையோடு ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் போய்ப் பாருங்கள். ஐந்தாம் கியர் வீணாகும், நான்காம் கியரும் திணறும்; தோட்டத்து மேட்டில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தேயும். பாதி நாள் தோட்டம், பாதி நாள் நெடுஞ்சாலை என்று ஓடும் வண்டிக்கு 4.1 போதும் என்பதே என் எண்ணம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் பின் ஆக்ஸலை மட்டும் மாற்றவே கூடாது. முன்னும் பின்னும் வெவ்வேறு விகிதத்தில் இருந்தால், நான்கு சக்கரத்தையும் இணைத்த கணமே ஒன்றையொன்று இழுக்கும். எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்து போகலாம்.

பலர் யோசிக்காத ஒன்று: ஹைலக்ஸ் வகையில் டிஃப்ரன்ஷியலை முன்பக்கமாகத் தனியே கழற்றி எடுக்கலாம். ஷாஃப்ட்டின் பல் எண்ணிக்கையும் கிரௌன் அளவும் பொருந்தினால் அதை மட்டும் மாற்றினாலே வேலை முடிந்தது. பிரேக், அகலம், ஸ்பிரிங் எதையும் தொட வேண்டாம். முழு ஆக்ஸல்தான் வேண்டும் என்றால் சக்கரம் பதியும் முகத்திலிருந்து முகம் வரை உள்ள அகலம், ஸ்பிரிங் தாங்கிகளின் இடைவெளி, போல்ட் வட்டம், பிரேக் டிரம்மின் அளவு, ஹேண்ட்பிரேக் கேபிளின் நீளம் ஆகியவற்றை அளந்த பிறகு பணம் கொடுங்கள்.

ஸ்பிரிங் தாங்கியை வெட்டி ஒட்டும்போது பினியனின் கோணம் தவறிவிடுகிறது. ஒருவர் வேறிடத்தில் வேலை முடித்த வண்டியைக் கொண்டுவந்தார். 80 வரை அமைதி. அதைத் தாண்டினால் இருக்கையே அதிர்ந்தது. டயரை மாற்றிப் பார்த்திருக்கிறார், கியர்பாக்ஸையும் ஆக்ஸலையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை பேலன்ஸ் செய்திருக்கிறார், அதிர்வு போகவில்லை. கோணமானியை வைத்துப் பார்த்தேன்: கியர்பாக்ஸ் முனையும் பினியனும் இணையாக இல்லை, 6 டிகிரி வித்தியாசம். வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்பிரிங் தொங்கும் நிலையில் பற்றவைத்திருக்கிறார்கள். வண்டியின் எடை ஸ்பிரிங்கின்மேல் இறங்கிய பிறகே கோணம் பார்த்து, முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து நிறுத்தி, அதன் பின் சிறிது சிறிதாகப் பற்றவைக்க வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் ஆக்ஸல் குழாய் வளையும். எர்த் கிளிப்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்தால் அதில் குழி விழும்.

ஆக்ஸலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டுகள் புதியவையாகவே இருக்கட்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள்.

ஹாஃப் கட் ஆக்ஸலில் பேரிங்கையும் எண்ணெய் சீலையும் மாற்றாமல் பூட்டுவது சிக்கனம் ஆகாது. அதோடு மூச்சுக்குழாயைப் பாருங்கள். ஆக்ஸல் குழாயின் மேல் நிற்கும் அந்தச் சிறு மூடியைச் சேறு அடைத்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் சீலைத் தாண்டி பிரேக் கட்டையில் கசிகிறது. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய ஆக்ஸல் தோட்டத்து ஓடைக்குள் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து, சீல் வழியே நீரை உறிஞ்சும். வடிகால் போல்ட்டைத் திறந்தபோது தே தாரிக் என்ற பால் தேநீரின் நிறத்தில் எண்ணெய் வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெயில் பேரிங் நெடுநாள் நிற்காது. ஒரு ரப்பர் குழாயைச் செருகி, மூச்சுக்குழாயின் வாயைப் பின்பக்கச் சரக்குத் தொட்டியின் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் போதும்.

சேஸிஸிலிருந்து ஆக்ஸலுக்கு வரும் பிரேக் வால்வின் கம்பியையும் பழைய அளவிலேயே மாட்டுங்கள். சுமைக்கேற்பப் பின் பிரேக்கை அளந்து கொடுப்பது அதுதான். இடம் மாறினால் மழைச்சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வேறு ரக ஆக்ஸல் என்றால் வேலையைத் தொடங்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியை எடுத்துப் போகுமுன் ஸ்பீடோமீட்டரையும் பார்க்க வேண்டும். கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் ஆக்ஸல் மாறியது அதற்குத் தெரியாது. 4.556ஐ எடுத்துவிட்டு 4.1 போட்டால், முள் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 111இல் போகிறது. நெடுஞ்சாலையின் வரம்பு 110. கேபிள் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரத்தை விகிதத்துக்கு ஏற்ப மாற்றி, கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நான் சாவியைக் கொடுக்கிறேன்.