ஏரி எப்போது பச்சையாகும்? மூட்டை எண்ணிக் கண்டுபிடிக்கும் வழி

பிப்ரவரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் காட்பாடிப் பக்கத்து ஏரிகளில் பலது பச்சை பெயின்ட் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். உடனே யாராவது ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடுவார்கள். நானும் ஓடியவன்தான். அன்றைக்கு, அந்த ஓரத்தில், அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்று ரிப்போர்ட் சொல்லும், அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது, அடுத்த வருஷம் எவ்வளவு வரும் என்று தெரிய வேண்டுமென்றால் மளிகைக் கடையில் வைத்திருப்பது போல ஒரு வரவு செலவு நோட்டு வேண்டும். இருநூறு பக்க நோட்டு ஒன்று போதும். அதில் இரண்டு கணக்கு: பாசியை வளர்த்து ஏரியைப் பச்சையாக்கும் சத்து ஒன்று, அடிச்சேற்றிலிருந்து மீனில் ஏறும் பாதரசம் இன்னொன்று.

முதலில் உங்கள் ஏரிக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று நடந்து பாருங்கள். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நம் பக்கம் ஏரிகள் சங்கிலி மாதிரி. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரும். ஆகவே உங்கள் ஏரித் தண்ணீரில் பாயும் வயலுக்குப் போடுகிற உரம் உங்கள் ஏரிக்கு வராது, கீழே இருப்பவன் தலையில் விழும். உங்களுக்கு வருவது மேல் ஏரி ஆயக்கட்டின், அதாவது மேல் ஏரித் தண்ணீரில் பாயும் வயல்களின் உரம். அது எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று வி.ஏ.ஓ.விடம் இருக்கும் பயிர்க் கணக்கான அடங்கலில் பார்க்கலாம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை போடுகிறார்கள் என்பதை அடங்கல் சொல்லாது. டீக்கடையில் நாலு விவசாயிகளிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

இப்போது மூட்டையைச் சத்தாக மாற்ற வேண்டும். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது சுமார் 20.7 கிலோ. டிஏபி மூட்டை 50 கிலோ, மேலே 18-46-0 என்று போட்டிருக்கும். நடுவில் உள்ள 46தான் பாஸ்பரஸுக்கான எண், ஆனால் அது அப்படியே பாஸ்பரஸ் இல்லை, ஆக்சைடு கணக்கு; 0.44ஆல் பெருக்கினால்தான் உண்மையான பாஸ்பரஸ் கிடைக்கும். 50 கிலோவில் 23, அதை 0.44ஆல் பெருக்கினால் சுமார் 10 கிலோ. நன்னீரில் பாசிக்குக் கடிவாளம் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான், அதனால் அதை மட்டும் பின்தொடர்ந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. மேலே 100 ஏக்கர் நெல், ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1,000 கிலோ. அதில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நூறில் ஐந்து பங்கு மழையில் அடித்து வருகிறது என்று வைத்தால் 50 கிலோ, இரண்டு போகமென்றால் 100.

அப்புறம் சாக்கடை. ஒரு ஆள் உடம்பிலிருந்து ஒரு நாளைக்கு வெளியேறும் பாஸ்பரஸ் சுமார் 1.5 கிராம். 3,000 பேர் உள்ள குடியிருப்பின் கால்வாய் உங்கள் ஏரியில் விழுகிறது என்றால் நாளுக்கு 4.5 கிலோ, வருஷத்துக்கு 1,600 கிலோவுக்கு மேல். பாதி செப்டிக் டேங்கிலேயே தங்கிவிடுகிறது என்று தாராளமாக விட்டாலும் 800 கிலோ மிஞ்சும். சோப்புத்தூள் கணக்கு தனி, அதை நான் சேர்க்கவே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: உரம் 100, சாக்கடை 800. ஊர்க்கூட்டத்தில் விவசாயியைத் திட்டுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

ஏரியின் கொள்ளளவு நீர்வளத் துறை ஆபீசில் மில்லியன் கன அடியில் கிடைக்கும். ஒரு மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். 20 மில்லியன் கன அடி ஏரி நிரம்பினால் 56.6 கோடி லிட்டர். 800 கிலோ என்பது 80 கோடி மில்லிகிராம். வகுத்தால் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம், பாதி வண்டலில் படிந்தாலும் 0.7. ஒரு நீர்நிலை பச்சை கட்ட லிட்டருக்கு 0.03 மில்லிகிராமே போதும், நம்முடையது அதற்கு இருபது மடங்குக்கு மேல். பத்து சதவீதம் குறைத்தோம் என்று பேனர் வைத்தால் ஏரியின் நிறம் ஏன் மாறுவதில்லை என்பது இப்போது புரியும்.

நோட்டில் போட்டது சரியா என்று பார்க்க, தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அளக்கும் ஒரு தட்டு போதும். 20 சென்டிமீட்டர் அகலத் தட்டு, நாலு பாகமாகக் கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றிப் பெயின்ட், நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு, அடியில் கனத்துக்கு ஒரு பெரிய நட்டு, கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்த கருவி இது, இன்றும் இதற்கு ஈடில்லை. காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் நடுவில், மதகு மேடையில் நின்று நிழல் விழும் பக்கம் இறக்குங்கள். தட்டு மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழம், இரண்டின் சராசரியை எழுதுங்கள். ஏரியில் சத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்ல கார்ல்சன் என்ற ஆய்வாளர் 1977இல் கொடுத்த அளவுகோலில் ஒரு மீட்டர் என்றால் 60 புள்ளி, அரை மீட்டர் 70, கால் மீட்டர் 80. ஒவ்வொரு முறை பாதியாகும்போதும் பத்து ஏறும். 50ஐத் தாண்டினாலே சத்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: மழை பெய்து செந்தண்ணீர் வந்த வாரத்தில் தட்டு சீக்கிரம் மறையும். அது மண், பாசி இல்லை. நிறத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

வாராவாரம் போக முடியாதவர்கள் கோபர்னிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை இலவசமாகப் பார்க்கலாம், சுமார் ஐந்து நாளுக்கு ஒரு படம். நவம்பரில் மேகம்தான் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி வயல் மாதிரியே தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

பாதரசத்துக்கு வருவோம். வட ஆற்காட்டில் தண்ணீரில் விஷம் என்றால் எல்லோருக்கும் குரோமியம்தான் ஞாபகம் வரும். தோல் பதனிடும் ஷாப்புகள், பாலாறு, அந்தக் கழிவைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு என்று காரணம் இருக்கிறது. ஆனால் பாதரசம் வேறு கணக்கு. உலகத்தில் மனிதரால் காற்றில் கலக்கும் பாதரசம் 2015இல் சுமார் 2,220 டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் சிறு தங்கச் சுரங்கங்களும் நிலக்கரியும்தான் முன்னணி. அது காற்றில் எங்கெங்கோ போய் மழையோடு இறங்கும், அதை நீங்களும் நானும் எண்ண முடியாது. ஊருக்குள் இருப்பதை எண்ணலாம். காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டரில் ஒரு கிராம் அளவு, பழைய பி.பி. மிஷினில் 100 கிராம் வரை, சி.எஃப்.எல். பல்பில் 5 மில்லிகிராமுக்குள். ஒரு பி.பி. மிஷின் உடைந்தால் 20,000 பல்பு உடைந்த கணக்கு! பல்புக்குக் கவலைப்படுகிற நாம் பரண்மேல் கிடக்கும் மிஷினை மறந்துவிடுகிறோம். வேலூர் ஆஸ்பத்திரி ஊர், சின்னச் சின்ன கிளினிக்குகள் தெருவுக்கு ஒன்று. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் அமலுக்கு வந்து, 2018இல் இந்தியாவும் சேர்ந்த பிறகு இந்தச் சாமான்கள் வாங்குவது குறைந்திருக்கும், ஆனால் வாங்கி வைத்தது எங்கேயும் போகவில்லை. எனவே முன்கணிப்பில் எழுத வேண்டியது, எந்த வருஷம் இவை பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்பதை.

பாசிக் கணக்கும் பாதரசக் கணக்கும் சேரும் இடம் ஏரியின் அடிச்சேறு. பாசி செத்து மக்கினால் அடியில் ஆக்சிஜன் தீரும். அங்கே வாழும் சல்பேட் தின்னும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் ஏறும். தண்ணீரில் இருப்பதைவிட மீனில் லட்சக்கணக்கான மடங்கு சேரக்கூடும். அதனால் சோதிப்பதென்றால் தண்ணீரைவிட மீனைக் கொடுங்கள், அதிலும் சின்ன மீனைத் தின்று வளரும் பெரிய விராலை. தண்ணீர்தான் வேண்டுமென்றால் லேபே கொடுக்கும், அமிலத்தில் கழுவிய கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். நான் முதல் தடவை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிளாஸ்டிக் சுவரில் பாதரசம் ஒட்டிக்கொள்ளும், வெளியே கசியவும் செய்யும் என்று சொல்லி, சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியாகக் கணிப்பு. டிசம்பர் கடைசியில் ஏரி எவ்வளவு நிரம்பியது என்று பார்த்து மூன்று வரி எழுதுங்கள்: எல்லாம் இப்படியே போனால், சாக்கடை பாதியானால், முழுதாக நின்றால். ஒவ்வொன்றுக்கும் தட்டு எந்த வாரம் அரை மீட்டர் ஆழம் போவதற்குள்ளேயே மறையும் என்று ஒரு தேதி போடுங்கள். மூன்றாவது வரியிலும் உடனே தெளியும் என்று எழுதிவிடாதீர்கள், சேற்றில் இருக்கும் பழைய பாஸ்பரஸ் பல வருஷம் கசிந்துகொண்டே இருக்கும். பச்சை ஏறிய ஏரியில் கோடை மழை பெய்த மறுநாள் விடியலில் மீன் செத்து மிதக்க வாய்ப்பு அதிகம், குத்தகைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போன தடவை நான் மார்ச் இரண்டாம் வாரம் என்று எழுதினேன். பிப்ரவரி மூன்றாம் வாரமே பச்சையாகிவிட்டது. இரண்டாம் போகத்துக்கு மதகைத் திறந்து தண்ணீர் பாதியானதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது நோட்டில் மதகு திறந்த தேதிக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.