மாசியில் சருகு, ஆடியில் உரம்

நம்மூரில் இலை கொட்டுவது மாசி, பங்குனியில்தான். வேம்பு மொட்டையாகும், புங்கம் கொட்டும், பாதாம் மரம் மட்டும் இலையைச் சிவக்க வைத்துவிட்டுக் கீழே போடும். காலையில் பெருக்கினால் மதியத்துக்குள் மறுபடி ஒரு முறம் சேர்ந்துவிடும். பலர் அதைத் தெருமுனையில் குவித்துக் கொளுத்திவிட்டு, ஆடி பிறந்ததும் நர்சரிக்குப் போய் மூட்டை மூட்டையாக உரம் வாங்கி வருகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சருகை மக்க வைத்து உரமாக்க முதல் தடவை முயன்றபோது குழி வெட்டி, சருகை அப்படியே கொட்டி மிதித்து, மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டேன். ஒரு வருஷம் கழித்துத் தோண்டினால் பாதாம் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு, நரம்புகூடக் கலையாமல் இருந்தன. தப்பு இரண்டு. சருகில் கார்பன் நிறைய, நைட்ரஜன் கொஞ்சம். நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருக 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜனாவது வேண்டும், காய்ந்த இலையில் பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. அடுத்தது, மா, பாதாம் மாதிரி தடித்த இலைகளில் மெழுகுப் பூச்சு உண்டு, மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வழிந்து ஓடிவிடும், உள்ளே காய்ந்தே கிடக்கும்.

அதனால் முதல் வேலை நொறுக்குவது. நல்ல வெயிலில் தார்ப்பாயில் பரப்பி, செருப்புக் காலோடு பத்து நிமிஷம் மிதித்தால் பாதியாகிவிடும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களிடமே விட்டுவிடலாம். பிளாஸ்டிக் உறை, முள் எல்லாவற்றையும் அப்போதே பொறுக்கி எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு டிரம்மில் தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். இந்த ஊறவைப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

குழியைவிடக் கூண்டு மேல். 10 அடி நீளக் கம்பி வலையை வளைத்து முனைகளைக் கட்டுக்கம்பியால் முடிந்தால் மூன்றடி அகலத்தில் வட்டம் கிடைக்கும், காற்றும் நாலாபக்கமும் போகும். உயரமும் மூன்றடி வேண்டும், அதைவிடச் சின்னதாக இருந்தால் உள்ளே சூடு தங்காது. மரநிழலில் வையுங்கள். அடியில் கொஞ்சம் சுள்ளி, அதன்மேல் ஒரு சாண் ஊறிய சருகு, மேலே நாலு விரல் உயரத்துக்குக் காய்கறித் தோல், புல், வாழைமட்டைத் துண்டு என்று பச்சையாக எது கிடைத்தாலும். ஒரு கிலோ சாணியைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு மூன்று குவளை தெளித்து, ஒரு பிடி தோட்டத்து மண்ணையும் தூவிவிடுங்கள். சாணி கிடைக்காத ஊரில் புளித்த மோர் போதும் என்பார்கள். ஊற்றலாம், தப்பில்லை, ஆனால் நைட்ரஜன் அதில் சொற்பம், பச்சைக் கழிவை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டியிருக்கும். வேப்பிலை மக்காது என்பதை நம்ப வேண்டாம், மற்ற இலைகளோடு கலந்து போட்டால் மக்கிவிடும். சவுக்கும் யூகலிப்டஸும்தான் வம்பு. அவற்றைத் தனியாக ஒதுக்கி நடைபாதையில் பரப்பிவிடுங்கள்.

மேலே நனைத்த சாக்கு போட்டு மூடுங்கள். நாலைந்து நாளில் ஒரு கடப்பாரையை நடுவில் செருகி, பத்து நிமிஷம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் வேலை நடக்கிறது. வெறும் இளஞ்சூடுகூட இல்லையென்றால் ஒன்று ஈரம் போதவில்லை, இல்லையென்றால் பச்சைக் கழிவு போதவில்லை.

இதற்குப் பிறகு வரும் சித்திரை வெயில்தான் நிஜமான சோதனை. மூன்று நாளுக்கு ஒரு முறை உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், ஒன்றிரண்டு சொட்டுக்குமேல் வடியக் கூடாது. எறும்பு புற்று வைத்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அழுகிய முட்டை வாடை வந்தால் தண்ணீர் அதிகம், கிளறிவிட்டு உலர்ந்த சருகைக் கலந்துவிடுங்கள். எப்படியும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, வெளியில் இருந்தது உள்ளே போகிற மாதிரி மாற்றிப் போடுங்கள். முதுகு வலிக்கும்தான்.

கிளறும்போது சுண்டுவிரலைவிடத் தடியாக, பழுப்புத் தலையோடு சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு தென்பட்டால் பக்கத்தில் தென்னை இருக்கிறதா என்று பாருங்கள், அது தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.

மூன்றரை, நாலு மாதத்தில் குவியல் மூன்றில் ஒரு பங்காக அமுங்கி, மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பாக உதிரும். ஆடிப் பட்டத்துக்குச் சரியாக இருக்கும். தொட்டிக்கு என்றால் தோட்டத்து மண், தேங்காய் நார்த்தூள், இந்த உரம் மூன்றையும் சம அளவில் கலப்பேன். சலிக்கும்போது மேலே தங்கும் காம்பையும் அரைகுறை மாவிலையையும் வீசாமல் ஒரு சாக்கில் கட்டி நிழலில் வைத்துவிடுங்கள், அடுத்த மாசிக்கு அதுதான் உறைமோர்.