போனை வைத்து லேப் டைம் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளை நானும் செய்தவன்தான்

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்த பைக்கைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் என் முதல் டிராக் டே. ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் போன், அதில் ஒரு சுற்றுக்கு, அதாவது ஒரு லேப்புக்கு, எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் இலவச லேப் டைமர் ஆப். மூன்றாவது செஷன் முடிந்து, வண்டிகள் வந்து நிற்கும் பிட்டுக்கு வந்து பார்த்தால் 2:21.5, அதாவது 2 நிமிடம் 21.5 விநாடி. அதற்கு முந்தைய லேப்பெல்லாம் 2:22-க்கு மேல். முக்கால் விநாடி குறைத்துவிட்டேன் என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அங்கே பல வருடமாக ஓட்டும் ஒரு அண்ணன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த லேப் எவ்வளவு தம்பி?" என்று மட்டும் கேட்டார். 2:23.1. சிரித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஏன் சிரித்தார் என்று புரிய எனக்குச் சாயங்காலம் ஆனது.

பெரும்பாலான போன்களின் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு முறைதான் இடத்தைச் சொல்லும். மெயின் ஸ்ட்ரெய்ட்டில் 140 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு விநாடியில் 39 மீட்டர் தாண்டிவிடுவோம். அதாவது ஆப்பின் கையில் 39 மீட்டருக்கு ஒரு புள்ளி, லேப் தொடங்கி முடியும் ஸ்டார்ட் கோட்டை எந்தக் கணத்தில் தாண்டினோம் என்பதை அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அதுவே கணக்குப் போட்டு எடுக்கிறது. இதில் போன் பாக்கெட்டில் இருந்து, மேலே நாம் டேங்க்கில் கவிழ்ந்து படுத்திருந்தால் சிக்னலும் கெட்டு, புள்ளியே இருபது முப்பது மீட்டர் தள்ளி விழும். கோட்டை முன்கூட்டியே தாண்டியதாகப் பதிவானால் இந்த லேப்பில் எவ்வளவு குறைகிறதோ அடுத்த லேப்பில் அவ்வளவும் கூடும். என் இரண்டு லேப்பையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள், 2:22.3 வரும், நான் அன்று முழுக்க ஓட்டிக்கொண்டிருந்த அதே நேரம். இப்படி ஒரு நல்ல லேப்பும் உடனே ஒரு மோசமான லேப்பும் ஜோடியாக வந்தால், ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, தனி ஜிபிஎஸ் ரிசீவர் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? பாதி தீரும். ரேஸ்பாக்ஸ் மினி போன்ற ரிசீவர் விநாடிக்கு 25 முறை இடத்தைச் சொல்கிறது, அதே 140-இல் புள்ளிக்குப் புள்ளி ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். 10 முறை சொல்லும் ரிசீவர் இருந்தாலும் ஆரம்பிப்பவர்களுக்குத் தாராளம். ஆனால் காசு கொடுத்து வாங்கி, புளூடூத்தில் இணைத்து, பச்சை விளக்கும் எரிய, ஆப் மட்டும் பழையபடி போனின் சொந்த ஜிபிஎஸ்ஸிலேயே ஓடிக்கொண்டிருப்பதை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். ரேஸ்குரோனோ, ஹாரிஸ் லேப்டைமர் என்ற இரண்டு லேப் டைமர் ஆப்களிலுமே எந்த ரிசீவரிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஆப்புக்குள் போய் நாம்தான் சொல்ல வேண்டும். பிட்டில் நிற்கும்போதே விநாடிக்கு எத்தனை முறை தகவல் வருகிறது என்று ஒரு தடவை பாருங்கள். 1 என்று காட்டினால் ரிசீவர் சும்மா சவாரி செய்கிறது என்று அர்த்தம்.

ரிசீவரை வைக்கும் இடத்திலும் கோட்டை விடுகிறோம். அதற்கு வானம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில், டேங்க் பக்கத்தில், கார்பன் ஃபைபர் பேனலுக்குக் கீழே எல்லாம் வைத்தால் சிக்னல் தடுமாறும். வால் பகுதியின் மேல்பக்கம் நல்ல இடம். டபுள் டேப் மட்டும் நம்பாமல் மேலே ரேஸ் டேப்பும் சுற்றுங்கள். பின்னால் வருபவரின் முன்சக்கரத்துக்கு அடியில் போய் விழுந்தால் ரிசீவர் போனது மட்டும் பிரச்சினையில்லை.

அப்புறம், பிட் லேன் வாசலில் வரிசையில் நிற்கும்போது ஆப்பைத் திறப்பது. செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒரு முறைதான் முழுதாக அனுப்புகிறது. ரிசீவர் அதை அசையாமல் திறந்த வெளியில் நின்று வாங்கிக்கொண்டால் நல்லது. செஷனுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே ஆன் செய்துவிடுங்கள். கால் வராமலிருக்க ஏர்பிளேன் மோடு போடுபவர்கள் ஜிபிஎஸ் பிடித்த பிறகு போடுங்கள், போட்டதும் புளூடூத்தைத் திரும்ப ஆன் செய்ய மறக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு இருக்கிறதே, அது திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் ஆப்பையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். நான்கு லேப் பதிவாகி மீதி காணாமல் போனால் முதலில் அங்கே போய்த் தேடுங்கள்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டுவது பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: வேண்டாம். பெரிய இன்ஜின் பைக்கின் அதிர்வு போன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பையும் ஃபோகஸையும் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. ஐபோனை 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தத்தான் அது பரிந்துரைக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் அந்தக் கணக்கு காலை பத்து மணிக்கே முடிந்துவிடும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. திரையில் பச்சையும் சிவப்புமாக "முந்தைய லேப்பை விட 0.4 குறைவு" என்று எண் ஓடினால் கண் அங்கேதான் போகும், ஒரு விநாடி பார்த்தால் 39 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது போல. அந்த எண்ணைக் காப்பாற்றத்தான் பிரேக்கைத் தாமதமாக்குவோம், அப்படியே புல்லில் போய் இறங்குவோம். சில ஏற்பாட்டாளர்கள் டிராக் டேயில் டைமரையே அனுமதிப்பதில்லை, அதனால் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆப்பில் ஸ்டார்ட் கோட்டை நாமே போடுவதாக இருந்தால், மெதுவாகத் திரும்பும் வளைவில் போடாதீர்கள். மூன்று மீட்டர் பிழை 140-இல் ஒரு விநாடியின் நூறில் எட்டு பங்குதான், அதுவே 60 கி.மீ. வேகத்தில் பதினெட்டு பங்கு. நேராக, வேகமாகப் போகும் இடத்தில், பாதைக்குக் குறுக்கே செங்குத்தாகப் போடுங்கள். கோடு பிட் லேன் வரை நீண்டிருந்தால் உள்ளே வந்து போவதையும் ஒரு லேப்பாக எண்ணிவிடும். லேப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து நேரம் பார்க்கும் செக்டர் கோடுகளும் அப்படித்தான், வளைவின் நடுவில் வெட்டினால் நுழைவில் இழந்ததா வெளியேறும்போது இழந்ததா என்று பிரிக்கவே முடியாது.

சாய்வுக் கோணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதிகம் பெருமை பேசப்படுவதும் அதிகம் தப்பாக இருப்பதும் அந்த எண்தான். வளைவில் சீராகச் சாய்ந்து போகும்போது டேங்க்கின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஒட்டி வைத்திருந்தால், தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயாமல் டம்ளரின் விளிம்புக்கு இணையாகவே நிற்கும். போனுக்குள் இருக்கும் முடுக்க சென்சாரும் அந்தத் தண்ணீர் மாதிரிதான், தான் நேராக நிற்பதாகவே நினைக்கும். அதனால் பல ஆப்கள் வேகத்தையும் வளைவின் ஆரத்தையும் வைத்துக் கணக்கிடுகின்றன. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 72 கி.மீ. வேகம் என்றால் 39 டிகிரி வரும். ஆனால் அது பைக்கும் நாமும் சேர்ந்த எடைமையத்தின் சாய்வு. உடம்பை உள்ளே தொங்கவிட்டு ஓட்டுபவரின் பைக் அதே வேகத்தில் அதைவிடக் குறைவாகச் சாயும், அகல டயர் இருந்தால் கொஞ்சம் அதிகமாகச் சாயும். அதனால் கோணம் கூடுவது திறமை கூடுவதற்கு அடையாளம் இல்லை, சில சமயம் நேர்மாறு.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் தவறு, லேப் டைமையும் டாப் ஸ்பீடையும் மட்டும் பார்த்துவிட்டு ஆப்பை மூடுவது. டாப் ஸ்பீடு பெரும்பாலும் பைக்கின் சாமர்த்தியம். எல்லா செக்டரின் சிறந்த நேரத்தையும் கூட்டி ஆப் காட்டும் கற்பனை லேப்பையும் அப்படியே நம்ப முடியாது. ஒரு செக்டரின் கடைசியில் பேராசையோடு உள்ளே பாய்ந்து எடுத்த நேரத்துக்கு அடுத்த செக்டரில் வட்டி கட்டியிருப்போம், அந்த இரண்டையும் ஒரே லேப்பில் சேர்க்க முடியாது.

நான் பார்ப்பது, வேகம் ஏறி இறங்குவதை ஆப் வரைந்து காட்டும் வேகக் கோட்டைத்தான். ஸ்ட்ரெய்ட்டின் முடிவில், சி1 என்ற முதல் வளைவுக்கு முன்னால், கோடு உச்சிக்குப் போய் உடனே செங்குத்தாக இறங்க வேண்டும். என்னுடையது உச்சிக்குப் போய், லேசாக ஒரு சரிவு சரிந்து, அதற்கப்புறம்தான் விழுந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் அந்த லேசான சரிவு ஏறக்குறைய 60 மீட்டர். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, பிரேக்கும் பிடிக்காமல், பயத்தில் சும்மா உருண்டுகொண்டிருந்திருக்கிறேன், ஒவ்வொரு லேப்பிலும். பிரேக்கை லேட்டாகப் பிடி என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு அது தேவையே இருக்கவில்லை. பிரேக் பிடிக்கும் இடம் வரை ஆக்சிலரேட்டரை விடாமலிருந்தால் போதும். அடுத்த முறை அந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போனேன், நேரத்தைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று, ஒவ்வொரு செஷனுக்கும் கீழே டயர் காற்று, வெயில், முன்னால் யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். டிசம்பர் காலையில் ஓட்டியதையும் மே மாதம் மதியம் ஓட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனசு உடைந்தவர்களைத் தெரியும். அன்று இரவே ஃபைலை வேறு எங்காவது சேமித்துவிடுங்கள், என்னுடைய ஒரு வருடத்து லேப்பெல்லாம் பழைய போனோடு போய்விட்டது.