ஆயுதக் கூடத்து ஜெனரலை எழுதுவது எப்படி?

அறிவியல் கதையில் பயங்கர ஆயுதம் ஒன்றின் ஆய்வை மேற்பார்க்கும் ராணுவ அதிகாரியை எழுதப் போகிறீர்களா? முதல் வேலையாக அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். எங்கே உட்காருகிறார், எதைப் பார்த்தபடி உட்காருகிறார், எவ்வளவு நேரம் எழுந்திருக்காமல் இருக்கிறார் என்பதை முடிவு செய்யுங்கள். குரல், தழும்பு, பூட்ஸ் சத்தம் எல்லாம் அப்புறம்.

இதை நான் ஒரு நிஜ நாற்காலியிலிருந்து கற்றுக்கொண்டேன். 1960 அக்டோபர் 24, கஜகஸ்தானில் பைக்கனூர் ஏவுதளம். ஆர்-16 என்ற புது ஏவுகணை மேடையில் நிற்கிறது. பொறுப்பில் இருப்பவர் சோவியத் ஏவுகணைப் படையின் தலைமைத் தளபதி மார்ஷல் மித்ரோஃபான் நெதேலின். ஏவுகணைக்குள் ஹைட்ரசீன் வகை எரிபொருள் ஒரு பக்கம், நைட்ரிக் அமிலக் கலவை இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டாலே தீப்பிடிக்கும். ஆவியை மூச்சில் இழுத்தால் ஆளைக் கொல்லும். கசிவு தெரிந்தது, மின்கோளாறும் சேர்ந்துகொண்டது. எரிபொருளை இறக்கிவிட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும். இறக்கினால் வாரக்கணக்கில் தாமதமாகும். நவம்பர் 7 ரஷ்யப் புரட்சி நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

நிரப்பிய ஏவுகணை மேலேயே ஆட்களை ஏற்றினார்கள். நெதேலின் பங்கருக்குள் போகவில்லை. ஏவுகணைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மார்ஷலே அங்கே உட்கார்ந்திருக்கும்போது எந்த இன்ஜினியர் விலகிப் போவான்? ஏவ இன்னும் அரை மணி நேரம் இருக்கையில் இரண்டாம் அடுக்கின் எஞ்சின் எரியத் தொடங்கியது. கீழே இருந்த முதல் அடுக்கின் தொட்டி வெடித்தது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மார்ஷலை அடையாளம் காண அவருடைய தங்க நட்சத்திரப் பதக்கம்தான் மிஞ்சியது. வடிவமைப்பாளர் யாங்கெல் சிகரெட் பிடிக்க பங்கருக்குப் போயிருந்ததால் பிழைத்தார். நெதேலின் விமான விபத்தில் இறந்ததாக அரசு அறிவித்தது. உண்மை சோவியத் பத்திரிகையில் அச்சேற 1989 ஆனது.

அந்த நாற்காலியை நன்றாகப் பாருங்கள். அதில் உட்கார்ந்தவர் கோழை இல்லை. ஒருவரையும் மிரட்டக்கூட வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தாலே போதும். ‘நானே இங்கே இருக்கிறேன்’ என்பதைவிடக் கொடூரமான உத்தரவு எனக்குத் தெரிந்து கிடையாது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடலோர ஊர் ஒன்றில் ரசாயன ஆலையில் பதினெட்டு வருஷம் ஷிப்ட் பொறுப்பாளராக இருந்தேன். ஒரு ராத்திரி ஆசிட் பம்பில் கசிவு. லைனைக் காலி செய்து கழுவிவிட்டுத்தான் கை வைக்கணும். வாசலில் டேங்கர் லாரி காத்துக்கொண்டிருந்தது. மேனேஜர் வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நான் இங்கேயே இருக்கேன், நீங்க பாருங்க” என்றார். வேலை தொடங்க அனுமதிக்கும் பெர்மிட் தாளில் ‘லைன் காலி செய்யப்பட்டது’ என்ற கட்டத்தில் ஏற்கனவே டிக் போட்டிருந்தது. அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஃபிட்டர் இரண்டாவது போல்ட்டைத் தளர்த்தியதும் இடது மணிக்கட்டில் ஆசிட் பட்டது.

ஆகவே உங்கள் ஜெனரலைக் கத்த விடாதீர்கள். எனக்குக் காட்ட வரும் கதைகளில் பாதிக்கு மேல் அவர் மேசையைக் குத்துகிறார், “உங்கள் எல்லோரையும் சுட்டுத் தள்ளுவேன்” என்கிறார். அதை வாசிக்கும்போது எனக்குப் பயமே வருவதில்லை.

அடுத்து, அவருக்கு ஒரு கெடு வேண்டும். அந்தக் கெடுவை வைத்தவர் அவருக்கு மேலே இருக்க வேண்டும். கதையில் அந்த மேலிடம் முகம் காட்ட வேண்டாம். தொலைபேசி மணியாக, ஒரு தேதியாக வந்தால் போதும். ஜெனரல் பயப்படுகிற ஒரே இடம் அதுதான்.

அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய லெஸ்லி க்ரோவ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பென்டகன் கட்டுமானத்தைக் கவனித்துக்கொண்டிருந்த கர்னல். வெளிநாட்டுப் போர்முனைக்குப் போகத் துடித்தவரை 1942 செப்டம்பரில் இந்த வேலையில் போட்டார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் ஏற்றார். ஜெனரல் என்றால்தான் விஞ்ஞானிகள் மதிப்பார்கள் என்று கணக்குப் போட்டு, பதவி உயர்வு கைக்கு வந்த பிறகே பொறுப்பை எடுத்தார். பிறகு ஒரு நிமிஷம் நிற்கவில்லை. யுரேனியத்தைப் பிரிக்கும் மின்காந்தச் சுருளுக்குத் தாமிரம் கிடைக்காததால் அரசுக் கருவூலத்தின் வெள்ளியைக் கடனாக வாங்கினார்கள், அமெரிக்கக் கணக்கில் 14,700 டன். கருவூல அதிகாரி, இங்கே வெள்ளியை டன்னில் பேசுவதில்லை, அவுன்ஸில்தான் பேசுவோம் என்று, க்ரோவ்ஸ் பொறுப்பேற்கும் முன்பே கேட்க வந்தவரிடம் சொன்னாராம். க்ரோவ்ஸ் சாக்லேட் பிரியர். ரகசியக் காகிதம் இருக்கும் பெட்டகத்தில் சாக்லேட்டும் வைத்திருந்தார். இந்த மாதிரி ஒரு சின்னப் பொருளை உங்கள் ஆளிடமும் கொடுங்கள். ஒன்று போதும், மூன்று கொடுத்தால் பொம்மையாகிவிடுவார்.

க்ரோவ்ஸிடம் கற்க இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. அவருடைய கடுமை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. அணுகுண்டுக்கு முதல் விதை போட்டவர்களில் ஒருவரான லியோ ஸிலார்டை, எதிரி நாட்டவர் என்று சொல்லிப் போர் முடியும்வரை அடைத்துவைக்கப் பார்த்தார்; போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் சம்மதிக்கவில்லை. அதே க்ரோவ்ஸ், இடதுசாரித் தொடர்புகளைக் காட்டிப் பாதுகாப்புப் பிரிவு தயங்கிய விஞ்ஞானி ஓப்பன்ஹைமருக்கு, 1943 ஜூலையில் தானே உத்தரவு போட்டு அனுமதி கொடுத்தார். கோப்பில் என்ன இருந்தாலும் சரி, அவர் இல்லாமல் திட்டம் நடக்காது என்பதுதான் அதன் சாரம். உங்கள் ஜெனரல் விதியை யாருக்காக வளைக்கிறார், அதே விதியால் யாரை நசுக்குகிறார்? இந்த இருவரையும் கதையின் முதல் கால்வாசிக்குள் காட்டிவிடுங்கள். வேண்டியவன் என்றைக்கு வேண்டாதவன் ஆகிறானோ, கதை அன்றைக்குத் திரும்பும்.

யார் கண்ணால் சொல்வது? விஞ்ஞானியின் கண்ணால்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு அதற்கும் கீழே போகப் பிடிக்கும். அதே அணுகுண்டுத் திட்டத்தின் ஓக் ரிட்ஜ் ஆலையில் இளம்பெண்கள் ஷிப்ட் ஷிப்டாக உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்த்துக் குமிழைத் திருப்பினார்கள். யுரேனியத்தைப் பிரிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவரவர் வேலைக்குத் தேவையானது மட்டும் அவரவருக்குத் தெரிந்தால் போதும் என்பது க்ரோவ்ஸ் வைத்த விதி. அந்தக் குமிழ்ப் பெண்ணிடம் கதையைக் கொடுத்துப் பாருங்கள். ஜெனரல் அறைக்குள் நுழைந்ததும் பின்னாலிருந்த பேச்சு நிற்பதை அவள் காதுதான் முதலில் கேட்கும்.

சீருடை, பதக்கம், துப்பாக்கி ரகம் பற்றி அதிகம் மெனக்கெட வேண்டாம். கர்னலுக்கு மேல் பிரிகேடியர், அதற்கு மேல் மேஜர் ஜெனரல். வரிசை தப்பாமல் இருந்தால் சரி.

சொற்களுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஜப்பான் ராணுவ மருத்துவர் இஷீ ஷிரோ, மஞ்சூரியாவில் ஹார்பின் அருகே நடத்திய 731 பிரிவில் உயிருள்ள மனிதர்கள் மேல் கிருமி ஆயுதச் சோதனை நடந்தது. வெளியே தெரிந்த பெயர் நோய்த்தடுப்பு, குடிநீர்ச் சுத்திகரிப்புத் துறை. கட்டடம் மரம் அறுக்கும் ஆலை என்று ஊராரிடம் சொல்லிவைத்தார்கள். கைதிகளை உள்ளே ‘மருதா’ என்றார்கள். மரக்கட்டை என்று அர்த்தம். இதை முதன்முதலில் படித்த அன்று என்னால் மேலே ஒரு வரி எழுத முடியவில்லை. உங்கள் கூடத்துக்கும் இப்படி ஒரு சொல்லைக் கண்டுபிடியுங்கள். ரத்த வாடை அடிக்காத, அலுவலகக் கோப்பில் பொருந்துகிற சொல்லாக இருக்கட்டும். முதல் தடவை அதற்கு விளக்கம் தராதீர்கள். மூன்றாம் தடவை வரும்போது வாசகருக்குத் தானாக விளங்கட்டும்.

என் கதை ஒன்றிலிருந்து காட்டுகிறேன். சனிக்கோளின் டைட்டன் நிலவில் ஒரு கூடம். தொட்டி நிரம்பியிருக்கிறது, வால்வு கசிகிறது.

கமாண்டர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“வால்வு மாத்த எவ்வளவு நேரம் ஆகும்மா?”

“தொட்டியைக் காலி பண்ணிட்டு மாத்தினா ஆறு நாள், சார்.”

“பண்ணாம மாத்தினா?”

அவள் பதில் சொல்லவில்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தொட்டி பக்கம் இன்னும் ஓர் அடி நகர்த்தினார்.

முதல் வரைவில் இந்த இடத்தில் அவர் துப்பாக்கியை எடுத்தார். ஆலை ராத்திரி ஞாபகம் வந்த பிறகு துப்பாக்கியை அடித்துவிட்டு அந்த ஓர் அடியை எழுதினேன்.

முடிவில் அவரைக் கட்டாயம் சாகடிக்க வேண்டுமா? நெதேலின் தன் நாற்காலியிலேயே போனார். இஷீ மேல் அமெரிக்கா வழக்கே போடவில்லை. ஆய்வு விவரங்களை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. 1959ல் நோயில்தான் இறந்தார். உங்கள் கதைக்கு எது உண்மையோ அதைச் செய்யுங்கள்.

ஆனால் ஜெனரலை எழுதி முடித்த கையோடு, வால்வைக் கழற்றப் போகிறவருக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதுங்கள். பெயர் வையுங்கள். கையுறை அளவு சரியாக இருந்ததா, காலையில் என்ன சாப்பிட்டார், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். எங்கள் ஃபிட்டர் அன்றிலிருந்து கடிகாரத்தை வலது கையில் கட்டுகிறார். இடது மணிக்கட்டில் வார் பட்டால் இப்போதும் எரியுமாம். அதை அவரிடம் கேட்டுத்தான் கதையில் சேர்த்தேன். கையெழுத்துப் போட்டவன் நான் என்பது அவருக்குத் தெரியும். “எழுதிக்கோங்க சார்” என்றார்.